நாற்பத்தெட்டு கிலோ

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. என் கூட்டாளி அன்று செவ்வாய்க்கிழமை என்கிறான். எனக்கு வியாழன் என்று நினைவு. அம்மாவைக் கேட்டால், அவள் என்னிடம் கேட்டதாக நான் சொல்லும் அந்த ஒரு கேள்வியை அவள் கேட்கவே இல்லை என்று சாதிக்கிறாள். "நான் அப்படிப் பேசுற ஆளா?" என்கிறாள். அப்படிப் பேசுகிற ஆள்தான். ஆனாலும் பத்து வருடங்களில் ஒரு கேள்வியை நானே உருவாக்கி அவள் வாயில் வைத்திருக்கலாம். அதற்கும் நான் உத்தரவாதம் தர முடியாது. எண்கள் மட்டும் சரியானவை. அவை தாளில் இருந்தன.

எங்கள் கம்பெனி என்றால் இரண்டு பேர், ஒரு பட்டறை. டயர் கடைக்குப் பின்னால், மேலே சுருட்டித் தூக்குகிற இரும்புக் கதவு போட்ட ஒரு நீள அறை. படுக்கையில் இருப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிற ஒரு கருவியை அங்கே செய்தோம். அதற்குக் காகிதத்தில் ஒரு பெரிய பெயர் இருந்தது. நாங்கள் 'தூக்கி' என்போம். கட்டிலுக்கு அடியில் நுழைகிற நான்கு சக்கர அடிப்பாகம், நெட்டுக்குத்தாக ஒரு தூண், அதிலிருந்து நீளும் ஒரு கை, கையின் நுனியில் தொங்கும் துணித் தொட்டில். பொத்தானை அழுத்தினால் நாற்பது விநாடியில் ஆளை மேலே தூக்கும். நாற்பது விநாடி அதிகம்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்தோம்.

கூட்டாளிக்கு 'அளவு' என்று பெயர் வைத்தது பழைய அலுவலகம். மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் செய்கிற கம்பெனியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நண்பனின் புது வீட்டுக்குச் சாப்பிடப் போய், "சுவர் மூணு மில்லிமீட்டர் சாய்ஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன். அந்த நண்பன் அதன் பிறகு எங்கள் யாரையும் கூப்பிடவில்லை. நான் வேலையை விடுகிறேன் என்றபோது எல்லோரும் புத்தி சொன்னார்கள். அளவு மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஒரு வாரம் கழித்து அவனும் கடிதம் கொடுத்தான். ஏன் என்று கேட்டேன். "நீ பிரேக் சரியா டிசைன் பண்ணுவே. ஆனா ஓட்டை தப்பான இடத்துல போடுவே" என்றான்.

எதற்காக இதைத் தொடங்கினீர்கள் என்று யார் கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான். என் அம்மாவின் முதுகுக்காக. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த நாளிலிருந்து அம்மா அவரை ஒரு நாளைக்கு ஆறு முறை தூக்குகிறாள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை, மறுபடி கட்டில். அப்பா அறுபத்து மூன்று கிலோ. அம்மா அவர் தோளுயரம்கூட இல்லை. இதைச் சொல்லும்போது கேட்பவர்களின் முகம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. ஒரு கட்டத்தில் சொல்லும்போது எனக்கு அம்மாவின் முதுகு கண்முன் வருவதே நின்றுபோனது. கேட்பவர்களின் முகம்தான் வந்தது.

முதலில் செய்த தூக்கி எங்கள் வீட்டுக்குத்தான் போனது. பெற்றோர் இருந்தது பட்டறையிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில். அதிகப் பாரம் ஏறினால் நின்றுவிட வேண்டும் என்பதற்காக அதில் எடை பார்க்கும் ஒரு சிறு உறுப்பு வைத்திருந்தோம். ஆளைத் தூக்கி இறக்கினால் ஒரு தடவை என்று அது கணக்கு வைத்து என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். காலை ஆறு நாற்பதுக்கு முதல் ஒலி வரும். அப்பா நாற்காலிக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்த நாட்களில் என்னைத் தாங்கியது எது என்று கேட்டால் அந்த ஒலியைத்தான் சொல்வேன். பழைய தோழிகளின் அழைப்புகள் குறைந்து, பிறகு நின்றன. முதலீட்டுக்காரர்கள் நன்றாகப் பேசி அனுப்பி வைத்தார்கள்; கிணற்றில் போட்ட கல் மாதிரி அதன் பிறகு சத்தமே இராது. கண் விழித்தும் எழுந்திருக்கக் காரணம் கிடைக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஆறு நாற்பதுக்கு அந்த ஒலி வரும். எழுந்து பல் தேய்ப்பேன். சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு, "இன்னிக்கும் ஆறு தடவை, பார்த்தேன்" என்பேன். "ஆமா" என்பாள்.

அப்போது ஒரு முதியோர் இல்லம் எங்களிடம் பன்னிரண்டு தூக்கிக்கு விலை கேட்டது. எங்களுக்கு அது கடைசி நம்பிக்கை என்று இரண்டு பேருக்கும் தெரியும்; பேசிக்கொள்ளவில்லை. அங்கே தலைமைச் செவிலியரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மெலிந்த, குரல் உயர்த்தாத பெண்மணி. செய்முறை விளக்கத்தைக் கைகட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "யாராவது இதை ரொம்ப நாளா உபயோகிக்கிறாங்களா?"

"எங்க அம்மா. நானூத்திப் பன்னெண்டு நாள். ஒரு நாள்கூட விடாம" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அந்த விவரத்தைக் கொண்டு வாங்க. அதைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்."

அளவு தாள்களைத் தயாரித்தான். அதுவரை எண்ணிக்கையைத்தான் பார்த்திருந்தோம். எடையை யாரும் திறந்து பார்த்ததில்லை. அவனுக்கு ஒரு பத்தி காலியாக இருந்தால் பிடிக்காது. எடையையும் இழுத்துப் போட்டிருக்கிறான். செவ்வாயோ வியாழனோ, மதிய நேரம். நான் தூணுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"முதலாளியம்மா, இங்க வா" என்றான். கேலியாகக் கூப்பிட்டாலும் முகத்தில் கேலி இல்லை. "உங்க அப்பா இளைச்சிருக்காரா?"

"இல்லையே. ஏன்?"

"அறுபது நாள் வரைக்கும் அறுபத்து மூணு. அறுபத்தோராம் நாள் நாப்பத்தெட்டு. அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் நாப்பத்தெட்டு, நாப்பத்தேழரை, நாப்பத்தெட்டு." 

"கருவி தப்பாக் காட்டுது."

"தப்பாக் காட்டினா தாறுமாறாக் காட்டும். இவ்ளோ ஒழுங்காக் காட்டாது."

ஒரே நாளில் பதினைந்து கிலோ யாருக்கும் குறையாது என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனாலும் கடைசியாக எப்போது அப்பாவை உற்றுப் பார்த்தேன் என்று யோசித்தேன். மாதம் ஒரு ஞாயிறு போவேன். நான் போகும் நேரத்தில் அவர் நாற்காலியில் இருப்பார். "இப்பத்தான் ஏத்தி உக்கார வெச்சேன்" என்பாள் அம்மா. கால்மேல் போர்வை இருக்கும். நான் கருவிக்கு எண்ணெய் விட்டு, திருகாணிகளை இறுக்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

மறுநாள் காலை சொல்லாமல் புறப்பட்டேன்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. செருப்பைக் கழற்றும்போதே மோட்டாரின் ஓசை கேட்டது. நான் வடிவமைத்த ஓசை; தூக்கத்திலும் அடையாளம் தெரியும். அறை வாசலில் போய் நின்றேன்.

அப்பா சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். இளைக்கவில்லை. தொட்டிலில் அம்மா தொங்கிக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் அப்பாவின் சட்டையை விரித்து வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கால்கள் சின்னப் பெண்ணின் கால்களைப் போல் ஆடிக்கொண்டிருந்தன.

என்னைக் கண்டதும் கால்கள் நின்றன.

"வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள்.

"இறங்கு."

"இறங்க நாப்பது விநாடி ஆகும். நீதானே பண்ணினே?"

அந்த நாற்பது விநாடியும் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் முகத்தில் அசைகிற பாதி சிரிப்பதைப் பார்த்தேன். அது அவர்களுடைய தினசரி வேடிக்கை என்று புரிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இல்லாத ஒரு வீட்டுக்குள் தவறி வந்துவிட்டவள் போல இருந்தது.

அம்மா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு மெதுவாக எழுந்தாள். எழும்போது ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது. சேலைக்குள் அகலமான பட்டை கட்டியிருந்தாள். அதையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

"எத்தனை நாளா?"

"உனக்குத்தான் எல்லாம் போன்ல வருதே."

"அம்மா."

"ரெண்டு மாசம் உன் மெஷின்லதான் அவரைத் தூக்கினேன். பொய் இல்ல. அப்புறம் நிறுத்திட்டேன்."

"ஏன்? பயந்தாரா? ஏதாவது உடைஞ்சுதா? என்கிட்ட சொல்லியிருந்தா ஒரே நாள்ல சரி பண்ணியிருப்பேனே."

"உடைஞ்சாத்தானே சரி பண்ணுவே? ஒண்ணும் உடையல. நல்லாத்தான் தூக்குச்சு." அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "அவர் பேசுறது நின்னுபோச்சு."

அப்பாவுக்கு வாதம் வந்தபோதே பேச்சு போய்விட்டது. ஒன்று மட்டும் தங்கியது. எண்ணுவார். மற்ற எந்தச் சொல்லும் வராத வாயில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மட்டும் தெளிவாக வரும். மூளையில் அவை வேறு மூலையில் இருக்கின்றன என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அம்மா தூக்கும்போது அவருடைய நல்ல கை அவள் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். அவர் எண்ணுவார். மூன்றில் இருவரும் சேர்ந்து எழுவார்கள். ஒரு நாளைக்கு ஆறு முறை அவர் பேசினார் என்றால், அதுதான்.

"உன் மெஷின் எண்ணுறதுக்கு நிக்காது" என்றாள் அம்மா. "நான் பின்னாடி நின்னு பொத்தானை அமுக்குவேன். அவருக்கு என் முகம் தெரியாது. மூட்டையைத் தூக்குற மாதிரி மேல போவாரு. வாயைத் திறக்கவே மாட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் நெனச்சுப் பார்த்தா, இந்த மனுஷன் குரலை நான் கேட்டு எத்தனை நாளாச்சுன்னே தெரியல. அன்னிக்கே விட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத்தான் இருந்தேன். அன்னிக்குக் காலையிலயே நீ கூப்பிட்டே. 'ஏம்மா இன்னிக்கு எண்ணிக்கையே வரல, மெஷின்ல கோளாறா'ன்னு. உன் குரல் என்னவோ மாதிரி இருந்துச்சு. கரண்ட் இல்லேன்னு சொல்லி வெச்சேன். உடனே தலகாணியை வெச்சுப் பார்த்தேன், எண்ணல."

"முப்பது கிலோவுக்குக் கீழ எண்ணாது."

"தெரியுது. உன் மூளைதான் ஊருக்கே தெரியுமே. சரி, நானும் ஆள்தானேன்னு ஏறி உக்காந்தேன்." பிறகு, சமாதானம் சொல்வதுபோல், "ஒண்ணு சொல்றேன். அவரைத் தூக்கி முடிச்சிட்டு அதுல போய்த் தொங்கினா முதுகுக்கு இதமா இருக்கு. நல்ல மெஷின்தான்" என்றாள்.

நான் கத்தினேன் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. என் இரண்டு வருடம், அளவின் இரண்டு வருடம், உனக்காகத்தானே, உன் முதுகுக்காகத்தானே என்றெல்லாம் சொன்னேனாம். சொல்லியிருப்பேன். அவள் கேட்டதாக எனக்கு நினைவிருக்கும் கேள்வி அதற்குப் பதிலாகத்தான் வந்தது. குரலில் கோபமே இல்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல் கேட்டாள்.

"ஏண்டி, நீ ஒரு தடவையாவது அவரைத் தூக்கியிருக்கியா?"

பக்கவாதம் வந்து நாலு வருடம். மருத்துவமனையில் ஊழியர்கள் தூக்கினார்கள். வீட்டில் அம்மா. நான் அவளுடைய முதுகு வளையும் கோணத்தைப் படம் பிடித்தேன். கட்டிலின் உயரத்தை அளந்தேன். அப்பாவின் எடையைத் தாளில் எழுதினேன். தூக்கவில்லை.

சன்னலுக்கு வெளியே யாரோ ஒரு குழாயடியில் வாளியை நிரப்பி, எடுத்துப் போய், திரும்ப வந்து மறுபடி நிரப்பினார்கள். அம்மா தைத்த பொத்தானை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் படுக்கற நேரம்" என்றாள் அம்மா கடைசியில். எழுந்திருக்கவில்லை.

நான் அப்பாவின் முன்னால் போய் மண்டியிட்டேன். அவர் பாதங்களுக்கு இடையே என் காலை வைத்து, அவருடைய அக்குள்களுக்குக் கீழே கைகளைக் கொடுத்தேன். அவர் தயங்கினார். பிறகு இடது கை வந்து என் கழுத்தைச் சுற்றியது. இவ்வளவு பலமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சோப்பும் தைலமும் கலந்த வாடை. அவர் கன்னத்தில் இரண்டு நாள் தாடி என் காதில் உரசியது. அறுபத்து மூன்று கிலோ என்று எத்தனையோ தாள்களில் எழுதியிருக்கிறேன். அது ஒரு எண் மாதிரியே இல்லை. மூச்சு விட்டது. பயந்தது.

"ஒண்ணு" என்றார் என் காதருகே. நான் அவசரப்பட்டு எழப் பார்த்தேன். அவர் அசையவில்லை. காத்திருந்தார். "ரெண்டு" என்று சொல்ல அவருக்கு நேரம் எடுத்தது. அந்த இடைவெளியில் அவர் தன் நல்ல காலைத் தேடி, தரையில் ஊன்றி, உடம்பைத் திரட்டிக்கொள்வதை உணர்ந்தேன். "மூணு" என்றபோது பாதி எடையை அவரே சுமந்தார். நான் தூக்கினேன் என்று சொல்வது சரியில்லை. இரண்டு பேரும் எழுந்தோம்.

படுக்க வைத்தபோது என் முதுகில் ஏதோ சுளுக்கிக்கொண்டது. அம்மா பார்த்துவிட்டாள். "தைலம் அலமாரியில இருக்கு" என்றாள்.

பட்டறைக்குத் திரும்பி அளவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே ஒரு திருகாணியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம்.

"இதுல பொய் எங்க இருக்கு?" என்றான். "மெஷின் ரெண்டாயிரத்து நானூத்து எழுபத்திரண்டு தடவை ஒரு ஆளைத் தூக்கியிருக்கு. பத்திரமா இறக்கியிருக்கு. யாரைத் தூக்குச்சுன்னு அந்த சிஸ்டர் கேக்கல."

"கேக்கலதான்."

"எடைப் பத்தியை எடுத்துட்டா முடிஞ்சுது. முதல்ல அது கிடையவே கிடையாது, நான்தான் வேலை இல்லாம சேர்த்தேன்."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"உங்க அம்மா முதுகுக்குத்தானே இதெல்லாம்? அதான் இதமா இருக்குன்னு அவங்களே சொல்றாங்களே" என்றான். சொன்ன பிறகு தன் வார்த்தை தனக்கே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடி நின்றது. மறுபடி ஓடி நின்றது. பன்னிரண்டு தூக்கி போகவில்லையென்றால் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். அவனிடம் நான் எதைச் சொல்லி நியாயம் கேட்பது? அவன் வேலையை விட்டது என் அம்மாவை நம்பி இல்லை, என்னை நம்பி.

"அந்த இல்லத்துல நாப்பது பேர் இருக்காங்க" என்றேன். "நாப்பது பேரையும் மூட்டை மாதிரி தூக்கப் போறோம்."

"நீ போய்ச் சொல்லு. நான் வரல. அந்தம்மா மூஞ்சியை என்னால பார்க்க முடியாது."

நான் பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனபோது கூப்பிட்டான். அச்செடுத்த தாள்கள் இரண்டு கட்டாக இருந்தன. ஒன்றில் எடைப் பத்தி இல்லை. அதை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தான். இரண்டையும் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எடை இருக்கிற கட்டைக் கொடுத்தான். அறுபத்தோராம் நாளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு.

சிஸ்டர் தாள்களை முழுதாகப் பார்த்தார். கோடு போட்ட இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார். நான் சொன்னேன். பொத்தான் தைத்ததையும் விடவில்லை.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார்.

தாழ்வாரத்தின் கடைசியில் ஓர் அறை. உடைந்த கட்டில்கள், சக்கரம் போன நாற்காலிகள். மூலையில் விரிப்பு போர்த்தி மூன்று உருவங்கள் நின்றன. விரிப்பை விலக்கினார். எங்களுடையதைவிட நல்ல வேலைப்பாடுள்ள மூன்று தூக்கிகள். ஒன்றில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட முழுதாகப் பிரிக்கப்படவில்லை.

"ஒண்ணு தானமா வந்துது. ரெண்டு வாங்கினோம். அதிகமா ஓடினது நாப்பது நாள்" என்றார். "உங்க அம்மா அறுபது நாள் தாக்குப் பிடிச்சிருக்காங்க. கெட்டிக்காரிதான்."

"அப்ப ஏன் பன்னெண்டு வேணும்னீங்க சிஸ்டர்?"

"வேணும்னு எங்க சொன்னேன்? விவரத்தைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்னுதான் சொன்னேன். ஒரு வீட்ல நானூறு நாளைக்கு மேல விடாம உபயோகிச்சாங்கன்னா, அது எப்படின்னு தெரியணும்ல? எங்க பொண்ணுங்க எல்லாருக்கும் முப்பத்தஞ்சு வயசுலயே இடுப்பு போயிடுது. மெஷின்ல வெச்சா பெரியவங்க அலறுறாங்க. யாராவது வழி கண்டுபிடிச்சிருக்காங்களான்னு பார்த்தேன்."

"இல்ல சிஸ்டர்."

"இல்லைன்னு வந்து சொன்னீங்கள்ல." விரிப்பை மறுபடி போர்த்தினார். "நான் ஒண்ணும் வாங்கப் போறதில்லை. அதுல நம்பிக்கை வைக்காதீங்க. ஆனா உங்களுக்கு முடிஞ்சா காலையில ஆறு மணிக்கு வார்டுக்கு வாங்க. மெஷின் வேணாம், நோட்டு வேணாம். வெறும் கையோட வாங்க."

போனேன். ஏழு வாரம் போனேன். முதல் வாரம் விரிப்பு மாற்றவும் செம்பைக் கழுவவும்தான் விட்டார்கள். "இஞ்சினியர் வந்திருக்காங்க, கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்க" என்று செவிலியர்கள் கேலி செய்தார்கள். பிறகு தூக்க விட்டார்கள். ஒரு பழைய தச்சர், யார் தூக்கினாலும் முதலில் அவர்களுடைய உள்ளங்கையை அழுத்திப் பார்ப்பார். ஒரு அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தான் தயாரானதும் ஒரு கண்ணை மட்டும் திறப்பார். மற்றொருவர் திட்டுவார், திட்டி முடிகிற வரைக்கும் யாரும் தூக்கக் கூடாது. ஒவ்வொருவரிடமும், தூக்கப்படுவதற்குச் சற்று முன்னால், சரி என்று சொல்கிற ஒரு முறை இருந்தது. நாங்கள் செய்த கருவியில் அதற்கு இடமே இல்லை. பொத்தான் தூக்குபவர் கையில் இருந்தது.

ஒரு நாள் மதியம் அளவு வார்டுக்கே வந்தான். பத்து நாளாகப் பேசாமல் இருந்தவன். வாசலில் நின்று, நான் அந்தத் தச்சரைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார வைத்த பிறகு, "உன் முழங்கால் எட்டு சென்டிமீட்டர் உள்ள தள்ளி இருக்கணும்" என்றான். தச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவன் யாரு, தையல்காரனா?" என்றார். அளவு சிரித்தான். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் நினைத்ததைச் சொன்னேன்: பொத்தானைப் படுத்திருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அழுத்திப் பிடித்தால்தான் மேலே போக வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். தூக்குபவர் முன்னால், முகம் தெரியும்படி நிற்க வேண்டும். அவன் கட்டிலையும் நாற்காலியையும் கண்ணாலேயே அளந்துவிட்டு, "தூண் இடிக்கும்" என்றான். பிறகு, "பக்கவாட்டுல வெச்சா இடிக்காது" என்றான்.

அடுத்த தூக்கியைச் செய்து முடிக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்தக் காலத்தில் பாதி நாள் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போனோம். எதற்காகச் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்னால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிவதில்லை. கேட்கிறவர்களின் முகமும் இளகுவதில்லை. ஆனால் காலையில் எழுந்திருக்க ஒலி எதுவும் தேவைப்படவில்லை.

புதிய தூக்கி முடிந்த வருடமே அம்மாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. முன்னமே வந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது என்றார்கள். நான் பெற்றோர் வீட்டுக்கே குடிபோனேன். பேருந்தில் பட்டறைக்குப் போய் வந்தேன். அப்பா பழைய தூக்கியிலும் புதியதிலும் ஏறவில்லை. கடைசி எட்டு மாதம் நான்தான் அவரைத் தூக்கினேன். நான் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்மணி. அப்பா தூக்கத்தில் இறந்தார். அளவு இன்னும் இரண்டு வருடம் என்னுடன் இருந்தான். இரண்டாவது குழந்தை பிறந்ததும் பழைய கம்பெனிக்கே திரும்பிவிட்டான். எங்களுக்குள் சண்டை ஏதுமில்லை. சிஸ்டர் ஆறு தூக்கி வாங்கினார். நான்கு ஓடுகின்றன, இரண்டு அந்த அறையில் விரிப்புக்கு அடியில் இருக்கின்றன. அவர் ஓய்வு பெற்று மகளுடன் வேறு ஊரில் இருக்கிறார். தச்சரும் ஒற்றைக் கண் திறக்கும் அம்மாளும் காலமாகிவிட்டார்கள். கம்பெனியில் இப்போது ஐந்து பேர் வேலை செய்கிறோம். வருடத்துக்கு நூறு கருவிக்குக் குறைவாகத்தான் போகிறது. அம்மா என்னுடன் இருக்கிறாள். அரை மணி நேரத்துக்கு மேல் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மற்றபடி நன்றாக இருக்கிறாள்.